வாயிலும் நிலையும் கதவும்

விழா மலருக்குக் கட்டுரை வரைக எனப் பணிக்கப்பெற்ற தமிழாசிரியர், சங்கப் புலவர் ஒருவரையேனும் இலக்கண நூல் ஒன்றையேனும் எடுத்துக்கொள்ளுதல் வழக்கம். நாம் இம்முறை சுவரில் வாயில் வெட்டும் வகையைப் பொருளாகக் கொண்டோம். அதுவும் கல்லாலும் சாந்தாலும் ஆய சுவரில் அன்று; கணினித் திரையில் எழும்பும் சுவரில். இது தமிழாசிரியர்க்கு உரிய துறைதானோ என வினவுவார் இருப்பர். ஆதலின் காரணத்தைச் சொல்லியே தொடங்குகின்றோம்.

எம்மிடம் தமிழ் கற்றுச் சென்று, இன்று கொழும்பிற் கட்டடப் படவரைஞராய்த் தொழில் புரியும் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எம்மை நாடி வந்தார். கையில் மடிக்கணினி இருந்தது. முகத்தில் ஓர் ஐயம் இருந்தது. “சேர், சுவரிலே கதவுக்காக விடுகிற ஓப்பினிங்குக்குத் தமிழில் என்ன சொல் போடலாம்? நான் ‘திறப்பு’ என்று போட்டேன். கந்தோரில் எல்லோரும் சாவியைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்” என்றார். நாம் நகைத்தோம். ஈழநாட்டார் வழக்கிலே திறப்பு என்பது திறவுகோலே அன்றோ! “வாயில் என்று போடும்” என்றோம். “வாயில் என்றால் கதவுதானே, சேர்?” என்றார் அவர்.

அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து. வாயில் வேறு, நிலை வேறு, கதவு வேறு. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே திரையில் வெட்டும் வாயில்களும் தரையில் வெட்டும் வாயில்களும் பிழைபடுகின்றன என்பதை இங்கே காட்ட முயல்வோம்.

1. சொல் காட்டும் வழி

வாயில் என்னுஞ் சொல்லை நாம் வகுப்பிலே இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகக் கற்பிக்கின்றோம். இல்லினது வாய் இல்வாய்; அது முன்பின்னாக மாறி வாயில் என நின்றது. இல்முன் என்பது முன்றில் என வந்தது போல்வது இது. வாய் என்பது வெற்றிடம். வாயை மூடும் உதடு எவ்வாறு வாய் ஆகாதோ, அவ்வாறே வாயிலை மூடும் பலகை வாயில் ஆகாது. அப்பலகைக்குக் கதவு என்று பெயர். கதவைத் தாங்கிச் சுவரோடு பொருந்தி அசையாது நிற்கும் மரச்சட்டத்துக்கு நிலை என்று பெயர். அசைவது கதவு, நிற்பது நிலை, இல்லாமையே உருவாக உள்ளது வாயில்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனையொன்று எழுந்த முறையைக் கூறுகின்றார். நூல் வல்லார் கயிறிட்டு நுட்பமாக அளந்தமை முதலிற் கூறப்படுகின்றது. பின்னர் இரும்பு பிணித்த இரட்டைக் கதவும், செதுக்கு வேலை அமைந்த நிலையும் கூறப்படுகின்றன. வாயிலுக்கு வரும்பொழுது புலவர் கையாளும் உவமை குன்றைக் குடைந்து திறந்தாற் போன்றது என்பதாகும். கதவுக்கு மரமும் இரும்பும் சொல்லப்பட்டன. வாயிலுக்கோ குடைதல் சொல்லப்பட்டது. திண்பொருள் ஒன்றிலிருந்து ஒரு பகுதியை நீக்குதலே வாயில் என்பதை இதனினும் தெளிவாகக் கூற இயலாது. இற்றைநாட் கணினி வல்லார் செய்வதும் இதுவே.

2. ஒரு கதவின் வரலாறு

இனி எம் மாணவர் கொண்டுவந்த சிக்கலைக் கூறுவோம். வலிகாமத்திலே அவர்தம் தாய்வழிப் பாட்டனார் கட்டிய வீடொன்று இருந்தது. 1995ஆம் ஆண்டு இடம்பெயர்வின்போது குடும்பத்தார் அதனை விட்டு நீங்கினர். பல்லாண்டு கழித்துத் திரும்பிச் சென்று பார்த்தபோது கூரை இல்லை. சுவர்களும் பாதி இல்லை. தலைவாயிலின் முதிரைமரக் கதவும் நிலையும் மட்டும் நின்றன. மேலே அரைவட்டமாய் அமைந்து, கதிர் விரித்தாற் போலச் சட்டங்கள் ஓடிய மேற்சாளரமும் சிதையாதிருந்தது. அவற்றைக் கழற்றி லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவந்தனர். வெள்ளவத்தையிலே தொடர்மாடி வீடொன்றை அண்மையில் வாங்கியபோது, அவ்வீட்டின் கூடத்துக்கும் உள்ளறைக்கும் இடையே அக்கதவைப் பொருத்த வேண்டும் என்பது தாயாரின் விருப்பம். “சுவரை எப்படி வேண்டுமானாலும் வெட்டுங்கோ. கதவிலே வாள் படக்கூடாது” என்பது அவ்வம்மையார் விதித்த ஒரே நிபந்தனை.

பழைய கதவுகளைப் புதிய இல்லங்களில் அமைத்தல் கொழும்புக்குப் புதிதன்று. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா அவர்கள், பகதலே வீதியிலிருந்து பிரியும் 33ஆம் ஒழுங்கையில் வரிசையாய் நின்ற நான்கு சிறு வீடுகளை 1958ஆம் ஆண்டு முதல் ஏறக்குறையப் பத்தாண்டுக் காலத்தில் ஒவ்வொன்றாகப் பெற்று, ஒரே இல்லமாக இணைத்தார். செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்களும் அவ்வில்லத்தில் இடம்பெற்றுள்ளன. நான்கு வீடுகளை ஒன்றாக்குதல் என்பது எங்கே சுவரை நிறுத்துவது, எங்கே வெட்டுவது என்னும் கேள்விக்கு மீண்டும் மீண்டும் விடை காண்பதேயாகும். அவரே 1960க்கும் 1962க்கும் இடையிற் கொழும்பில் ஈனா டி சில்வா அவர்களுக்காக அமைத்த இல்லம், பிற்காலத்தில் பகுதி பகுதியாகக் கழற்றப்பெற்றுப் பெந்தோட்டையை அடுத்த லுணுகங்கையில் மீண்டும் எழுப்பப்பெற்றது. 2016இல் அப்பணி நிறைவுற்றது. அளந்து, இலக்கமிட்டு, வரைந்து வைத்தமையாலன்றோ அவ்வாறு செய்ய முடிந்தது! பழைய பொருளைப் புதிய இடத்தில் வைக்க விரும்புவார்க்கு முதற்பாடம் அளத்தலே.

3. கதவின் அளவு வேறு. வாயிலின் அளவு வேறு

எம் மாணவர் செய்த முதற்பிழை யாதெனின், கதவின் அளவையே வாயிலின் அளவாகக் கணினிக்குக் கொடுத்ததாகும். இரட்டைக் கதவின் அகலம் 4 அடி. உயரம் 7 அடி. ஆகவே 4 அடிக்கு 7 அடியாய் ஒரு வெற்றிடத்தை வெட்டினார். நிலை எங்கே நிற்கும்? மாணவர் பயன்பெறும்பொருட்டுக் கணக்கை முழுமையாகத் தருகின்றோம்.

நிலைச்சட்டத்தின் முகப்பகலம் 3 அங்குலம். கதவு வந்து அமர்வதற்காகச் சட்டத்திலே அரை அங்குலம் வெட்டுப்படி எடுக்கப்பெற்றுள்ளது. ஆகவே இருமருங்கும் சேர நிலையின் வெளியகலம் 48 அங்குலத்தோடு 6ஐக் கூட்டி, 1ஐக் கழிக்க, 53 அங்குலமாகும். நிலையைச் சுவரிடையே நேர்நிறுத்தி, ஆப்பு வைத்து, சாந்து பூச ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் இடைவெளி வேண்டும். ஆகவே வாயிலின் அகலம் 54 அங்குலம், அதாவது 4 அடி 6 அங்குலம். மில்லிமீற்றரிற் கொடுப்பதாயின் ஏறக்குறைய 1372.

உயரமும் இவ்வாறே. கதவு 84 அங்குலம். மேற்சட்டம் வெட்டுப்படி நீங்கலாக இரண்டரை அங்குலம். கதவின் அடியிலும் நிலையின் மேலும் விடும் இடைவெளிகள் இரண்டும் சேர அரை அங்குலம். ஆக 87. இதனோடு தளவேலை முடியவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். கொங்கிறீற்றுத் தட்டின்மேல் சாந்தும் தரையோடும் சேர 2 அங்குலம் உயரும். கணினி மாதிரியிற் சுவர் தொடங்குவது கொங்கிறீற்றுத் தட்டிலிருந்து. கதவு நிற்பதோ தரையோட்டின்மேல். ஆகவே தட்டிலிருந்து கணிக்குங்கால் வாயிலின் உயரம் 89 அங்குலம், அதாவது 7 அடி 5 அங்குலம். இவ்விரண்டு அங்குலத்தை மறந்து, கதவு கொண்டுவந்த அன்று அதன் அடியை இழைப்புளியாற் சீவுதல் எத்தனை வீடுகளில் நடைபெறுகின்றது! அம்மையாரின் நிபந்தனை இருப்பதால் இங்கே சீவுதற்கும் வழியில்லை.

இனி மேற்சாளரம். அதன் அரைவட்டம் நிலையின் முழு அகலத்துக்கும் அமைந்தது. இடைவெளியும் சேர அதன் ஆரை 27 அங்குலம். கதவின்மேல் அதனையும் வைத்தால் வாயிலின் மொத்த உயரம் ஏறக்குறைய 9 அடி 8 அங்குலம் ஆகின்றது. வெள்ளவத்தை வீட்டிலே கீழ்த்தட்டுக்கும் மேல்தட்டின் அடிக்கும் இடையே உள்ள உயரம் 9 அடி 6 அங்குலமே. ஊரிலே ஓட்டுக்கூரையின்கீழ் ஓங்கி நின்ற வாயிலுக்குத் தொடர்மாடியிலே இரண்டு அங்குலம் இடமில்லை. அதன்மேல் விட்டம் வைக்கவும் இடம் வேண்டுமே! இவ்வுண்மை தெரிந்தது மேசன் சுத்தியலை எடுத்த பின்னர் அன்று. மேசைமேல் இருந்த திரையிலே. கணினி மாதிரியின் பெரும்பயன் இதுவே என்பதை மாணவர்கள் உளங்கொள்வாராக.

4. கழித்தல் என்னும் கலை

பழைய முறையில் வரைபவர் சுவரை இரு கோடுகளாகக் காட்டுவர். கதவு வருமிடத்தில் அக்கோடுகளை அழிப்பர். அவ்வளவில் வாயில் அமைந்துவிடும். கட்டடத் தகவல் மாதிரி எனப்படும் இக்காலமுறையிற் சுவர் கோடன்று. நீளமும் உயரமும் தடிப்பும் பொருளும் உடைய திண்மம். ஆகவே வாயில் அமைப்பதற்கு ஒரு திண்மத்திலிருந்து இன்னொரு திண்மத்தைக் கழித்தல் வேண்டும். வாயிலின் உருவில் ஒரு கட்டையைச் செய்து, சுவரினூடே செருகி, சுவரிலிருந்து அக்கட்டையைக் கழித்தால் எஞ்சுவது வாயிலோடு கூடிய சுவர்.

இத்தகைய கூட்டல், கழித்தல், பொதுமை காணல் என்பவற்றைப் பூலின் செயல்கள் என்பர். ஜோர்ஜ் பூல் 1815இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரிலே செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர். இளமையிலேயே பள்ளியாசிரியராய்ப் பணிபுரிந்து, தாமே கற்றுக் கணிதப் பேராசிரியராய் உயர்ந்தவர். சிந்தனையின் விதிகளைக் குறித்த தமது நூலை 1854இல் வெளியிட்டு, 1864இல் மறைந்தவர். கதவு வெட்டுவதற்கு அந்நூல் உதவும் என அவர் நினைத்திருக்கமாட்டார். ஆயினும் திரையிலே வாயில் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளியாசிரியரின் தருக்கமே தொழிற்படுகின்றது.

கழித்தலிலே மாணவர் கவனிக்க வேண்டியவை மூன்று உள.

முதலாவது, கழிக்கும் கட்டை சுவரைக் காட்டிலும் தடித்திருத்தல் வேண்டும். 6 அங்குலச் சீமெந்துக்கற் சுவருக்கு இருபுறமும் அரை அங்குலம் சாந்து பூசினால் மொத்தத் தடிப்பு 7 அங்குலம். கட்டையும் சரியாக 7 அங்குலமாயின் இரண்டின் முகங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும். அந்நிலையில் எம்முகம் உள், எம்முகம் புறம் எனக் கணினி மயங்குதல் கூடும்; மெல்லிய தோல்போன்ற ஒன்று வாயிலிலே எஞ்சிநிற்பதும் உண்டு. கட்டையை 12 அங்குலமாக்கி இருபுறமும் வெளியே நீட்டிவிட்டால் ஐயமின்றி வெட்டும். பின்னொரு நாள் சுவரின் தடிப்பைக் கூட்டினாலும் வெட்டு ஊடுருவிச் செல்லும். அன்றேல் வெட்டு இடையிலே நின்று, வாயில் இருந்த இடத்தில் விளக்குமாடம் ஒன்றே காணப்படும்.

இரண்டாவது, கழிக்கும் கட்டை கதவின் உண்மையான உருவில் இருத்தல் வேண்டும். மென்பொருள்கள் இயல்பாகத் தருவது நீள்சதுர வெட்டே. அரைவட்ட மேற்சாளரத்துக்கு அதனைப் பயன்படுத்தினால் யாது நிகழும்? 54 அங்குல அகலமும் 27 அங்குல உயரமும் உடைய நீள்சதுரத்தின் பரப்பு 1458 சதுர அங்குலம். அதனுள் அடங்கும் அரைவட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 1145. எஞ்சும் 313 சதுர அங்குலம், அதாவது இரண்டு சதுர அடிக்குச் சற்று மேற்பட்ட சுவர், வளைவின் இரு தோள்களிலும் வீணே வெட்டப்படும். திரையிலே அவ்விரு மூலைகளினூடாக வானம் தெரியும். பொருட்கணக்கிலே கல்லும் சாந்தும் குறைந்து காட்டும்.

மூன்றாவது, எதிலிருந்து கழிக்கின்றோம் என்பது தெளிவாயிருத்தல் வேண்டும். கல்லும் இருபுறச் சாந்தும் ஒரே சுவரின் அடுக்குகளாய் அமைந்தால் ஒரு வெட்டு அனைத்தையும் ஊடுருவும். சாந்தைத் தனிச் சுவராக வரைந்திருந்தால் கல்லிலே வாயில் திறக்கும். சாந்து திரைபோல மூடியே நிற்கும்.

5. மென்பொருள்கள் வாயிலைக் கருதும் வகை

இத்துறையில் வழங்கும் மென்பொருள்கள் யாவும் மேற்கூறிய கழித்தலையே செய்கின்றன. ஆயினும் வாயிலை யார் உடைமையாகக் கருதுகின்றன என்பதில் அவை வேறுபடுகின்றன.

2000ஆம் ஆண்டில் வெளிவந்து, 2002இல் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குச் சென்ற ரெவிற் என்பதில் வாயில் கதவின் உடைமை. புதிய கதவொன்றை ஆக்கப் புகுவார்க்கு அது ஒரு மாதிரிச் சுவரையும் அதிலே நீள்சதுர வெட்டொன்றையும் முன்கூட்டியே வைத்துக் கொடுக்கின்றது. அரைவட்டம் வேண்டுவோர் அந்த வெட்டை நீக்கிவிட்டு, வேண்டிய உருவை வரைந்து புதிய வெட்டாக்குதல் வேண்டும். அல்லது வெற்றுத் திண்மம் ஒன்றைச் செய்து அதனாற் சுவரை வெட்டுதல் வேண்டும். கதவை அழித்தால் வாயிலும் மறையும். சுவர் புண்ணாறினாற் போல மூடிக்கொள்ளும்.

ஹங்கேரி நாட்டிலே தோன்றிய ஆக்கிகாட் என்பதிலும் கதவே தனக்கு வேண்டிய துளையைச் சுமந்து வருகின்றது. அதன் கட்டளை மொழியிலே இச்செயலுக்கு உரிய சொல்லின் பொருள் சுவர்த்துளை என்பதாகும்.

மாணவர் பலர் விரும்பும் ஸ்கெச்சப் என்பதிற் கதவு தான் ஒட்டும் முகத்தை வெட்டும். ஆனால் அந்த ஒரு முகத்தை மட்டுமே வெட்டும். சுவர் இருமுகம் உடையதாயின் மறுமுகத்தை வரைபவரே வெட்டுதல் வேண்டும். இதனை அறியாதார் கூடத்திலிருந்து பார்க்கையிற் கதவு திறந்திருக்கவும், அறைக்குள்ளிருந்து பார்க்கையிற் சுவர் மூடியிருக்கவும் கண்டு திகைப்பர்.

விலையின்றிப் பெறத்தக்க பிறீகாட் என்பது மாணவர்க்கு ஏற்றது. 2024இல் வெளிவந்த அதன் 1.0 பதிப்பிலே கட்டடத் தகவல் மாதிரிக்குரிய களமும் உள்ளடங்கியுள்ளது. அதிலே சுவரின் முகத்தின்மேல் கதவின் உருவைக் கோடுகளால் வரைதல் வேண்டும். வரைந்தவற்றுட் பெரிய மூடிய கோட்டையே அது வாயிலின் விளிம்பாகக் கொள்ளும். உள்ளிருக்கும் கோடுகள் நிலையும் கதவுமாகும். வெட்டின் ஆழத்தை நாமே கொடுக்கலாம். கொடாதுவிடின் அதுவே கணித்துக்கொள்ளும். புறக்கோட்டினால் அடங்காத வடிவம் வேண்டின், தனித் திண்மம் ஒன்றைக் காட்டி அதனைக் கழிக்குமாறு பணிக்கலாம்.

இவ்வாறு பலவாய் நிற்கும் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுதற்கென ஒரு பொதுமுறை உண்டு. ஐ.எஃப்.சி. எனப்படும் அது 2013இல் ஐ.எஸ்.ஓ. 16739 என்னும் இலக்கத்தோடு அனைத்துலகத் தரமாக ஏற்கப்பெற்றது. அம்முறையிலே வாயில் கதவின் உடைமையுமன்று, சுவரின் உறுப்புமன்று, தனிப்பொருள். சுவருக்கும் வாயிலுக்கும் இடையே உள்ள உறவு வெறுமையாக்கும் உறவு எனப்படும். வாயிலுக்கும் கதவுக்கும் இடையே உள்ள உறவு நிரப்பும் உறவு எனப்படும். கதவை நீக்கினும் வாயில் நிற்கும். நிரப்பாத வாயிலும் வாயிலே.

இதனை எம் மாணவர் படித்துக்காட்டியபோது நாம் சிறிதுநேரம் வாளாவிருந்தோம். இல்வாய் எனப் பெயரிட்டவர்கள் இல்லாமைக்கும் ஒரு பெயர் வேண்டும் என்பதை உணர்ந்திருந்தார்கள். பல நாட்டு அறிஞர் கூடி வகுத்த இப்பொதுமுறையும் அவ்விடத்துக்கே வந்து சேர்ந்துள்ளது. தமிழ் அனைத்தையும் முன்னரே கண்டுவிட்டது எனப் பெருமை பேசுதல் எம் கருத்தன்று. சொல்லைத் தெளிவாக அறிந்தவன் பொருளையும் தெளிவாகக் காண்பான் என்பதே நாம் கூற விழைவது. வாயிலும் கதவும் ஒன்றென எண்ணிய வரையில் எம் மாணவர்க்கு அளவு பிழைத்தது. வேறென அறிந்த அன்றே திருந்தியது.

6. திரையிற் சுவர் விழாது

இனி இன்றியமையாத எச்சரிக்கை ஒன்று. திரையிலே வெட்டிய சுவர் விழுவதில்லை. வாயிலின் மேல் உள்ள கற்கள் ஆகாயத்திலே மிதப்பினும் கணினி ஒன்றும் சொல்லாது.

எம்மூர் வழக்கில் இவ்விடர் பெரும்பாலும் எழுவதில்லை. வீடு கட்டுங்கால் நல்ல நாள் பார்த்து முதலில் நிலை வைப்பர். அதன்பின்னரே இருபுறமும் சுவர் எழும். அங்கே சுவரை வெட்டி நிலை வைப்பதில்லை. நிலையைச் சூழ்ந்து சுவர் வளர்கின்றது. கணினியோ முதலிற் சுவரை எழுப்பி, பின்னர் வெட்டுகின்றது. அம்முறைக்குப் பழகிய இளைஞர், நிற்கும் சுவரையும் அவ்வாறே எளிதாக வெட்டலாம் எனக் கருதிவிடுதல் கூடும்.

கொட்டாஞ்சேனைப் பகுதியில், கொச்சிக்கடையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் திருப்பணி செய்வித்த பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குச் செல்வோர், வாயில்களைச் சற்று நின்று நோக்குக. இரண்டு கற்கால்கள், அவற்றின்மேற் கிடையாக ஒரு கல். கருங்கல் அமுக்கத்தைப் பெரிதும் தாங்கும். வளைக்கும் விசையை அத்துணை தாங்காது. ஆதலின் கல்விட்டம் இட்ட வாயில்கள் மிக அகலமாதல் அரிது. கம்பி பொதிந்த கொங்கிறீற்று விட்டம் வந்தபின்னரே அகன்ற வாயில்கள் எளியவாயின. கல்லாயினும் கொங்கிறீற்றாயினும் விதி ஒன்றே: வாயிலை வெட்டியவன், வெட்டுண்ட சுவர் தாங்கிய பாரத்தைத் தாங்க வேறொன்று வைத்தல் வேண்டும். அதனையே மேசன்மார் லின்டல் என்பர்.

வெள்ளவத்தை வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். வாயிலின் மேலே தட்டு வரை எஞ்சும் சுவர் 4 அடி 6 அங்குல அகலமும் 2 அடி 1 அங்குல உயரமும் அரை அடித் தடிப்பும் உடையது, ஏறக்குறைய 4.7 கன அடி. சீமெந்துக் கல்லாயின் அதன் நிறை 250 கிலோகிராமுக்குக் குறையாது. ஐந்து சீமெந்துப் பைகளைத் தலைக்குமேல் அடுக்கிவிட்டு அதன்கீழ் நாள்தோறும் நடப்பதற்கு ஒப்பாகும். அதற்கு ஒவ்வொரு பக்கமும் 6 அங்குலம் சுவரில் அமரத்தக்கதாய் 5 அடி 6 அங்குல நீளமான விட்டம் வேண்டும். நிற்கும் சுவராதலின், முதலில் முட்டுக்கொடுத்துப் பாரத்தைத் தாங்கி, விட்டத்துக்குரிய இடத்தை மட்டும் வெட்டி, விட்டம் அமைத்து, அது இறுகிய பின்னரே கீழே வாயிலைத் திறத்தல் முறை. மேலிருந்து கீழாகவே வெட்டல் வேண்டும். கணினியிலோ எல்லாம் ஒரே நொடியில் நிகழ்கின்றன.

இதனினும் முதன்மையானது, அச்சுவர் வெட்டத்தக்கதுதானா என்பது. தொடர்மாடிகளிற் சில சுவர்கள் இடத்தைப் பிரிக்க மட்டுமே எழுந்தவை. சில கொங்கிறீற்றாலாகி மாடி முழுவதையும் தாங்குபவை. திரையிலே இரண்டும் ஒரே நிறமாய்த் தோன்றலாம். பட்டயப் பொறியியலாளர் வரைபடத்தைப் பார்த்து எழுத்திலே ஒப்பம் தந்த பின்னரும், தொடர்மாடியின் முகாமைக் குழு இசைந்த பின்னருமே சுத்தியல் எழல் வேண்டும். மேல்மாடியிலே உறங்குபவர் நம்மை நம்பி உறங்குகின்றார் அன்றோ!

7. முடிபு

அக்கதவு யாதாயிற்று என அறிய விரும்புவீர்கள். இரண்டு அங்குலம் இடம் போதாமையால் மேற்சாளரத்தைக் கதவின்மேல் வைத்தல் இயலாது என்பது உறுதியாயிற்று. மாணவர் மனம் தளர்ந்தார். தாயாரிடம் சொல்வதெப்படி என வருந்தினார். மொறட்டுவையிலிருந்து வந்து பார்த்த முதிய தச்சர் ஒருவர், மேற்சாளரம் நிலையோடு ஒரே மரமாய் அமைந்ததன்று, கழுந்தும் துளையுமாய்ப் பொருத்தி மரமுளை அடித்தது என்பதைக் காட்டினார். முளைகளைத் தட்டிவிட அது வேறாய் எழுந்தது, வாள் படவில்லை.

பின்னர் மாதிரியிலே இரண்டு வாயில்கள் அமைந்தன. ஒன்று கதவுக்குரியது, 4 அடி 6 அங்குலத்துக்கு 7 அடி 5 அங்குலமாய் நீள்சதுரமானது. மற்றொன்று கூடத்துக்கும் சமையலறைக்கும் இடைப்பட்ட பிரிசுவரிலே, மேற்சாளரத்தின் உருவுக்கு ஏற்ப அரைவட்டமாய் வெட்டியது. இரண்டையும் பொறியியலாளர் பார்த்தார், குழு இசைந்தது, மேசன் விட்டம் வைத்து வெட்டினார். நிலை நட்ட அன்று அம்மையார் எம்மையும் அழைத்திருந்தார். நிலையின் காலிலே மஞ்சளும் குங்குமமும் இட்டு, கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஐயா வீட்டு வாசல் வந்திட்டுது” என்றார். தந்தையை ஐயா என்றழைப்பது எம்மூர் வழக்கு.

வந்தது கதவும் நிலையுமே. வாயில் புதியது என நாம் திருத்தவில்லை. இலக்கணம் கற்பிப்பதற்கும் காலம் இடம் உண்டு.

நம் கல்லூரியிலிருந்து ஆண்டுதோறும் கட்டடக்கலையும் பொறியியலும் அளவையியலும் கற்கச் செல்லும் மாணவர்க்கு ஒன்று கூறி அமைகின்றோம். கருவிகள் மாறும், இன்றுள்ள மென்பொருளை நாளை வேறொன்று வெல்லும். ஆயினும் வெட்டுமுன் மூன்று கேள்விகள் என்றும் நிற்கும். எவ்வுருவை நீக்குகின்றேன்? எதிலிருந்து நீக்குகின்றேன்? நீக்கியதன் பாரத்தை எது தாங்கும்? இம்மூன்றுக்கும் விடை கண்டபின் வெட்டுவோர் வாயில்கள் பிழைபடா.